இன்று காலை ஆறு மணிக்குப் புதுப்பிக்கப்பட்டது

தன் வலைப்பதிவை உலகத்திலேயே ஒரே ஒருவர்தான் வாசிக்கிறார் என்ற செய்தி கிடைத்தபோது அழகியநம்பி ஒரு பெரியவரின் இடது கண்ணுக்கான லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பழவங்காடியில் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸைப் பிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது பதினாறு வருடமாக அவன் வேலை. தபால்காரர் கொடுத்துவிட்டுப் போன நீளமான உறையைக் கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தான்.

கடிதம் மரியாதையாகத்தான் எழுதப்பட்டிருந்தது. ‘ஆஸ்பத்திரியில் முதல் நாள்’ என்ற தங்கள் வலைப்பதிவுக்குக் கடந்த தொண்ணூறு நாட்களில் வந்த வாசகர்களின் எண்ணிக்கை: ஒன்று. மாறிவரும் இணையச் சூழலில் அது இன்னமும் பொருத்தமானதுதான் என்று இருபத்தொரு நாட்களுக்குள் நிரூபிக்கத் தவறினால், தங்கள் பதிவு மரியாதைக்குரிய ஓய்வில் வைக்கப்படும். ஓய்வு என்றால் நிரந்தரமாக அழித்தல் என்று அடியில் சின்ன எழுத்தில் விளக்கம் இருந்தது. கையெழுத்து: பத்மகுமார், இயக்குநர், வலைப்பதிவுப் பொருத்தப்பாட்டு மையம், திருவனந்தபுரம்.

அந்த ஒரு வாசகர் யார் என்று நம்பிக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற சொரிமுத்து.

ஆறு வருடத்துக்கு முன்னால் நம்பி தன் அப்பாவை அந்த ஆஸ்பத்திரியின் கட்டிப் பிரிவுக்கு அழைத்துப் போனான். கரமனையில் பிறந்து வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவனுக்கே சரியான வரிசையைக் கண்டுபிடிக்க நாலு மணி நேரம் ஆயிற்று. அவனைச் சுற்றி சங்கரன்கோவிலிலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் வந்தவர்கள் மலையாளப் பலகைகளை ஓவியம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பா தேறிவிட்டார், இப்போது தென்காசியில் மகள் வீட்டில் பேரப்பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருக்கிறார். அந்த நாலு மணி நேரம் மட்டும் நம்பியைவிட்டுப் போகவில்லை. புது நோயாளிக்குச் சீட்டு கொடுப்பது எந்தெந்தக் கிழமை, எந்த வாசல், என்ன காகிதம் வேண்டும், வெந்நீர் எங்கே கிடைக்கும், தமிழ் தெரிந்த ஊழியர் எந்த மேசையில் இருக்கிறார் என்று எல்லாவற்றையும் நாற்பது வரியில் எழுதிப் போட்டான். சிறுபான்மை மொழிகளின் வலைப்பதிவுகளுக்கு இடம் தருவதாக மையம் அப்போது அறிவித்திருந்தது. அங்கேயே போட்டான்.

சொரிமுத்து திங்கட்கிழமைதோறும் அதைத் திறந்து, ஒரு பிரதி எடுத்து, அதிலிருந்து தினம் அறுபது ஜெராக்ஸ் போட்டு வைப்பான். தமிழில் வழி கேட்கிறவர்களுக்கு ஒரு தாள். பக்கத்தின் மேலே ‘நேரில் போய்ப் பார்த்த தேதி’ என்று ஒரு வரி உண்டு. அந்தத் தேதி ஒரு மாதம் தாண்டினால் சொரிமுத்து போன் செய்வான். “தேதி பழசாயிட்டு அண்ணாச்சி.” மறுநாள் காலை நம்பி கடைக்குப் போகும் முன் ஆஸ்பத்திரிக்குப் போவான். ஒவ்வொரு வரிசையின் பின்னாலும் கொஞ்ச நேரம் நின்று விசாரிப்பான். மாறியதை மாற்றுவான், தேதியைத் திருத்துவான். ஆறு வருடம் இப்படியே போயிற்று. இணையச் சூழல் மாறிக்கொண்டிருந்தது இருவருக்குமே தெரியாது.

மையத்துக்குத் தெரிந்திருந்தது. ஊரில் எல்லோரும் வலைப்பதிவு எழுதிய காலத்தில் அது வலைப்பதிவு வளர்ச்சி மையமாகத் தொடங்கியது. எல்லோரும் முகநூலுக்குப் போனபோது வலைப்பதிவுப் பாதுகாப்பு மையம் ஆனது. குட்டி வீடியோக்கள் வந்தபோது மறுமலர்ச்சி மையம். கேட்டால் தானே பதில் சொல்லும் இயந்திரங்கள் வந்தபிறகு பொருத்தப்பாட்டு மையம். ஒவ்வொரு முறையும் பலகை மாறியது, ஒரு மாடி கூடியது. தொடங்கியபோது முந்நூற்று நாற்பது வலைப்பதிவுகளும் நாலு ஊழியர்களும் இருந்தார்கள். இப்போது வலைப்பதிவுகள் இருபத்துமூன்று, ஊழியர்கள் அறுபத்தொரு பேர். மையத்துக்கும் சொந்தமாக ஒரு வலைப்பதிவு உண்டு. ‘வணக்கம், விரைவில் எழுதுகிறோம்’ என்ற ஒரே இடுகை அதில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறது. மையத்தின் பொருத்தத்தை மையமே சோதிக்க விதியில் இடமில்லை.

நம்பி அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வழுதக்காட்டுக்கு பஸ் ஏறினான். மூன்றாம் மாடியில் தமிழ்ப் பிரிவு என்ற மேசைக்குப் பின்னால் ஷிஜா என்ற பெண் இருந்தாள். “விஷமிக்கண்டா சேட்டா” என்று முதலில் மலையாளத்தில் ஆறுதல் சொல்லிவிட்டு, பதினான்கு பக்க விண்ணப்பத்தைக் கொடுத்தாள். உங்கள் பதிவு எழுப்பிய அலைகள் எத்தனை? உங்கள் பதிவை ஒரு விலங்காகக் கருதினால் அது என்ன விலங்கு? வாசகருக்கு உங்கள்மீது ஏற்பட்ட உணர்ச்சியைக் கட்டத்துக்குள் குறிக்கவும். நம்பி நெடுநேரம் யோசித்து ‘கழுதை’ என்று எழுதினான். சுமக்கிறது, சத்தம் போடுவதில்லை என்ற அர்த்தத்தில். ஷிஜா பரிவோடு அதை அடித்துவிட்டு ‘சிறுத்தை’ என்று எழுதிக்கொண்டாள். கழுதை என்று எழுதிய இருவருடைய விண்ணப்பங்கள் ஏற்கெனவே திரும்பிவிட்டதாகச் சொன்னாள்.

கடைசிப் பக்கத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. வாசகர் எண்ணிக்கை பத்துக்குக் குறைவாக இருந்தால் அனைத்து வாசகர்களையும் குழுவின் முன் நேரில் ஆஜர்படுத்த வேண்டும்.

அடுத்த புதன்கிழமை நம்பி தன் அனைத்து வாசகர்களையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். சொரிமுத்து சலவைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசி வந்திருந்தான். நீளமான மேசைக்குப் பின்னால் ஐந்து பேர் இருந்தார்கள். நடுவில் இயக்குநர் பத்மகுமார். அவருடைய ஊர் எல்லையோரத்துப் பாறசாலை. தமிழ் நன்றாகத் தெரியும் என்பதில் அவருக்குப் பெருமை உண்டு.

“நீங்களாணா அந்த வாசகர்?” என்று கேட்டார்.

“நான் ஜெராக்ஸ் கடை சார்.”

“அது ஜோலி. வாசகர் நீங்கதானே?”

“திங்கக்கிழம திங்கக்கிழம நான்தான் தொறந்து பிரிண்ட் எடுக்கேன்.”

“முழுசும் வாசிப்பீங்களா?”

சொரிமுத்து நம்பியைப் பார்த்தான். பொய் சொல்ல அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. “தேதிய மட்டும் பாப்பேன் சார். வாசிக்கிறது சனங்கதான். தாள வாங்கிட்டுப் போயி, படிக்கத் தெரியாதவங்களுக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டுதாவ.”

குழு தலைகளைச் சேர்த்துக்கொண்டு ஆலோசித்தது. பிறகு பத்மகுமார் முடிவை வாசித்தார். மேற்படி பதிவின் வாசகர் எண்ணிக்கை ஒன்று என முன்பு குறிக்கப்பட்டது பிழை. அது பூஜ்யம் எனத் திருத்தப்படுகிறது.

தினம் அறுபது பேர் தாளில் வாசிக்கிறார்களே என்றான் நம்பி. அவனுடைய குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஓர் உறுப்பினர் அமைதியாக விளக்கினார். தாள் என்பது இணையச் சூழலில் வராது. இணையத்துக்கு வெளியே நடக்கும் வாசிப்பை அளக்கக் கருவி இல்லை. அளக்க முடியாத ஒன்று நடப்பதாக எடுத்துக்கொண்டால் நாளைக்கு யார் வேண்டுமானாலும் தன்னை வாசிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்துவிடுவார்கள். இன்னொரு உறுப்பினர், வருடத்துக்கு இருபதாயிரம் தாள் எந்த மரத்திலிருந்து வருகிறது என்று சொரிமுத்துவிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்.

திரும்பி வரும்போது சொரிமுத்து ஆட்டோவில் சட்டையின் சலவை மடிப்பை நீவிக்கொண்டே வந்தான். பழவங்காடி வந்ததும், “நான் வாசிச்சேன்னே சொல்லிருக்கலாம், என்ன அண்ணாச்சி?” என்றான்.

பூஜ்யம் வாங்கியவர்களுக்கு மையம் ஒரு கடைசி வாய்ப்பு வைத்திருந்தது. மூன்று நாள் புத்துணர்வு முகாம். நம்பியோடு எட்டுப் பேர் வந்திருந்தார்கள். பயிற்சி கொடுத்தவன் வினீத். மையம் ஒப்பந்தம் போட்டிருந்த ஒரு நிறுவனத்தின் ஆள், கழக்கூட்டத்திலிருந்து வந்தவன், சிரித்த முகம். எந்த வலைப்பதிவும் சாவதில்லை, அதை எழுதுகிறவர்தான் அதைக் கொல்கிறார் என்று தொடங்கினான். எல்லோரும் எழுந்து நின்று ‘நான் பொருத்தமானவன்’ என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு அவரவர் பதிவை முப்பது வினாடி வீடியோவாக ஆக்க வேண்டும். ஸ்ரீவராகத்திலிருந்து வந்த பகவதியம்மாள் ஊறுகாய்களைப் பற்றி எழுதுகிறவர், அறுபத்தெட்டு வயது. உப்பு மாங்காய் ஊற நாற்பது நாள் ஆகும் என்று அவர் சொன்னபோது, அதை முப்பது வினாடியில் ஊறவைக்க முடியுமா பாருங்கள் அம்மா என்றான் வினீத். அவர் தான் கொண்டுவந்திருந்த ஊறுகாய் ஜாடியின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு முப்பது வினாடி நின்றார். அந்த முகாமில் அதைவிட நல்ல வீடியோ வரவில்லை. அவருக்கு மதிப்பெண் கிடையாது.

நம்பியின் நாற்பது வரிகள் வினீத்துக்குப் பிடித்திருந்தன. கருப்பொருள் வலுவானது, நோய்க்கு எப்போதும் ஆள் உண்டு என்றான். தலைப்பை மட்டும் மாற்றினான். ‘இந்த ஆஸ்பத்திரிக்குள் கால் வைக்கும் முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஏழு ரகசியங்கள்! ஐந்தாவது உங்களை அழ வைக்கும்!’ ஐந்தாவது எது என்று நம்பி எண்ணிப் பார்த்தான். வெந்நீர் கிடைக்கும் இடம்.

மூன்றாம் நாள் மாலை ‘நித்தியப் புதுமை’ என்ற திட்டத்தின் ஒப்பந்தத்தை எல்லோருக்கும் கொடுத்தார்கள். தேடுபொறிகளுக்குப் புதிய பக்கங்கள்தான் பிடிக்கும். ஆகவே இயந்திரம் தினமும் காலை ஆறு மணிக்குப் பதிவைத் திறந்து, சில சொற்களை மாற்றிப் போட்டு, தேதியை அன்றைய தேதியாக மாற்றும். தேடலில் பக்கம் மேலே வந்துவிட்டால் எழுதியவர் அதைத் தொடக்கூடாது. தொட்டால் கீழே போய்விடும். வாசகர் கருத்துகளில் இதயம் போட்டவை மட்டும் தெரியும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவர்களின் பதிவு அன்று மாலையே ஓய்வுக்குப் போகும்.

பகவதியம்மாள் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து போனார். நம்பி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அறுபது பேரின் முகங்களை நினைத்தான். பதிவு இல்லாமல் போவதைவிட ஆடம்பரமான தலைப்போடு இருப்பது மேல் அல்லவா என்று அவனுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றும்படிதான் அந்த மாலை ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது என்பது தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டான்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நன்றாக இருந்தன என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். மையம் அவனுக்கு ஒரு வரைபடம் அனுப்பியது, தினமும் காலை. முதல் வாரம் நாற்பது வாசகர்கள். இரண்டாம் வாரம் ஆயிரத்து நூறு. மலேசியாவிலிருந்தும் துபாயிலிருந்தும் ஐந்தாவது ரகசியத்துக்காக வந்தார்கள். லென்ஸ் தேய்க்கும் இடைவெளிகளில் அவன் போனை எடுத்து அந்தக் கோடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டான். அவன் மனைவி திவ்யலட்சுமி, பால்காரரிடம்கூட இதைச் சொல்லிவிட்டீர்களாமே என்று கிண்டல் செய்தாள். மாதம் ஒருமுறை வருகிற சொரிமுத்துவின் போன் வரவில்லை என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை.

சொரிமுத்து ஏன் போன் செய்வான்? திங்கட்கிழமைதோறும் பக்கத்தைத் திறந்தான். மேலே பெரிய எழுத்தில் இருந்தது: இன்று காலை ஆறு மணிக்குப் புதுப்பிக்கப்பட்டது. அண்ணாச்சி இப்போது தினமும் வந்து பார்க்கிறார் போலிருக்கிறது, ஆனால் கடைக்குத்தான் வருவதில்லை என்று அவனுக்குச் சின்ன வருத்தம்கூட இருந்தது. தேதியைப் பார்த்து, திருப்தியோடு, அறுபது பிரதி போட்டான்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்பதரை மணிக்குப் போன் வந்தது.

“அண்ணாச்சி, கொஞ்சம் வந்துட்டுப் போறேளா? இங்க ஒரு அம்மா நிக்காவ.”

மாடம்மாள் கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தாள். செங்கல் சூளையில் வேலை. புருஷனுக்குக் கழுத்தில் கட்டி. சீட்டு எடுக்கும்வரை எதுவும் சாப்பிட வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள் என்று அவர் முந்தின நாளிலிருந்து பட்டினி. ஜெராக்ஸ் கடை நிழலில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். புது நோயாளிகளுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று தாளில் இருந்தது. ஆஸ்பத்திரி அதைத் திங்களும் வியாழனும் என்று மாற்றி ஐந்து வாரம் ஆகியிருந்தது. வாசலும் மாறியிருந்தது. கவுண்டரில் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படித் திரும்பியவர்களில் தாளோடு கடைக்கு வந்து கேட்டவள் இவள்தான் முதல்.

அவள் கோபப்படவில்லை. தாளை நீட்டி, முதல் வரியில் விரலை வைத்தாள். “இன்னைக்குன்னுதானய்யா போட்டிருக்கு? படிச்ச பிள்ளகிட்ட குடுத்துக் கேட்டேன். இன்னைக்குத்தான்னு சொல்லுச்சு.”

நம்பி பக்கத்துக் கடையிலிருந்து இட்லி வாங்கிக் கொடுத்தான். வியாழன்வரை இங்கேயே கிடந்துகொள்கிறோம் என்றவளையும் அவள் புருஷனையும் வற்புறுத்திக் கரமனைக்கு அழைத்துப் போனான். திவ்யலட்சுமி உள்ளறையில் பாய் விரித்தாள். சமையலறைக்கு வந்ததும் அவனிடம் மெதுவாகக் கேட்டாள்.

“இன்னிக்கு ரெண்டு பேரு. வெள்ளிக்கிழம எத்தன பேரு?”

அவன் கணக்குப் போட்டான். ஐந்து வாரம், வாரத்துக்கு இரண்டு தவறான நாள். வந்தவர்களெல்லாம் எங்கே படுத்தார்கள் என்று தெரியவில்லை. திரும்பிப் போய்விட்டவர்கள் மறுபடி வந்தார்களா என்றும் தெரியவில்லை.

மறுநாள் கடைக்குப் போகாமல் மையத்துக்குப் போனான். ஷிஜா திருத்த விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தாள். அதில் மூன்று வகைத் திருத்தங்கள் இருந்தன: தலைப்பு இன்னும் கவர்ச்சியாக வேண்டும், படம் இன்னும் பெரிதாக வேண்டும், இதயங்கள் சரியாகத் தெரியவில்லை. எழுதியிருப்பது தவறு என்பதற்குக் கட்டம் இல்லை. ஷிஜா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, பதிவின் கடவுச்சொல் மையத்திடமே கிடையாது, வினீத்தின் நிறுவனத்திடம்தான் இருக்கிறது என்று தணிந்த குரலில் சொன்னாள். அவளுடைய அத்தையைப் போன மாதம் அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். “நான் போன்ல விளிச்சுக் கேட்டிட்டுத்தான் போனேன் சேட்டா” என்றாள். இந்த மையத்தில் வேலை பார்க்கிறவள் வேறென்ன செய்வாள் என்பதுபோல இருந்தது அவள் முகம்.

வினீத்திடம் பேசினான். இரண்டே இரண்டு சொல், கிழமையின் பெயர்கள், மாற்றினால் போதும் என்றான். “சேட்டா, ஜெயிச்சிட்டிருக்கிற டீம்ல ஆள மாத்துவாங்களா?” என்றான் வினீத். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசீலனை உண்டு, ஜனவரியில் பார்க்கலாம்.

கடைசியில் இயக்குநரின் அறை. பத்மகுமார் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். சுவரில் அவனுடைய கோடு, ஆளுயரத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. நம்பி எல்லாவற்றையும் சொன்னான். மாடம்மாளைச் சொன்னான். கழுத்துக் கட்டியைச் சொன்னான். பத்மகுமார் கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். கேட்பதில் அவர் தேர்ந்தவர்.

“மிஸ்டர் நம்பி, பதினஞ்சு வருஷமா இந்த ஸ்தாபனத்த நான் கொண்டு நடக்கிறேன். எழுதினது சத்யமான்னு ஒருநாளும் நாங்க நோக்கினது இல்ல. அது எங்க டிப்பார்ட்மென்ட் அல்ல. உயிரோட இருக்கான்னு மட்டும் நோக்குவோம். சத்யம் எழுதினவங்க முந்நூறு பேரு இருந்தாங்க, எல்லாம் போச்சு. உங்க பதிவு ஒண்ணுதான் மேல போயிருக்கு. அதக் காட்டித்தான் அடுத்த அஞ்சு வருஷத்துக்கு இந்த மையம் வேணும்னு நான் எழுதியிருக்கேன். இப்ப போயி செவ்வாய்க்கிழம தப்புன்னு சொன்னா, அறுபத்தொரு குடும்பம். மனசிலாயோ?”

அப்படியானால் அழித்துவிடுங்கள் என்றான் நம்பி. முதலில் நீங்கள்தானே அழிப்பதாக எழுதினீர்கள்.

அது பொருத்தமில்லாத பதிவுகளுக்கு என்றார் பத்மகுமார். உங்களுடையது மாதிரிப் பதிவு. அதை அழிக்க விதியில் இடமில்லை. அதோடு, சனிக்கிழமை உங்களுக்குத்தான் விருது.

வியாழன் காலை நம்பி மாடம்மாளையும் புருஷனையும் புது வாசலில் கொண்டுபோய் வரிசையில் நிறுத்தினான். சீட்டு கிடைத்தது. சொரிமுத்து பழைய தாள்களைக் கட்டாகக் கட்டித் தூக்கிப் போட்டுவிட்டான். நம்பி கையால் எழுதிக் கொடுத்த புதுத் தாளை ஜெராக்ஸ் போட்டான். அந்தக் கடையின் அளவில் காரியம் சரியாகிவிட்டது. ஆனால் இப்போது அந்தக் கடைக்கு யாரும் வரவேண்டிய தேவை இல்லை. தென்காசியில், நாகர்கோவிலில், ராஜபாளையத்தில், ஆஸ்பத்திரியின் பெயரைப் போட்டுத் தேடினால் முதலில் வருவது ஏழு ரகசியங்கள். போனில் வாயால் கேட்டாலும், இயந்திரம் அந்தப் பக்கத்தைத்தான் இனிமையான பெண் குரலில் வாசித்தது. செவ்வாய், வெள்ளி. ஆதாரம்: அழகியநம்பி, இன்று காலை ஆறு மணி. ஊரிலேயே அச்செடுத்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார்கள்.

சனிக்கிழமை விழாவுக்கு அவன் போனான். மேடை ஏறினால் மைக் கிடைக்கும் என்பதற்காகப் போனான். பொன்னாடை போர்த்தினார்கள். கண்ணாடியில் செய்த ஓர் அலையைக் கையில் கொடுத்தார்கள். வலைப்பதிவு செத்துவிட்டது என்று சொன்னவர்களுக்கு இந்த மனிதரே பதில் என்றார் பத்மகுமார். இந்தப் பதிவை நான் தினமும் காலையில் பார்க்கிறேன், ஒரு நாள்கூட அது பழசாக இருந்ததில்லை என்றார். கை தட்டினார்கள். நம்பி மைக்கைப் பிடித்தான்.

“நான் எழுதினது தப்பு. செவ்வாய், வெள்ளி இல்ல. திங்கள், வியாழன். வாசலும் மாறியாச்சு, கெழக்கு வாசல். தயவுசெஞ்சு யாரும் அந்தப் பக்கத்தப் பாத்துட்டு வராதீங்க.”

முன்பைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். விருது வாங்கிக்கொண்டு தன் எழுத்தையே தப்பு என்று சொல்லும் பண்பு இந்தக் காலத்தில் யாருக்கு வரும் என்று பத்மகுமார் கண் கலங்கினார். அந்தக் காட்சி அன்று மாலையே முப்பது வினாடி வீடியோவாக வந்தது. நம்பியின் வாய் அசைந்தது. அவனுடைய குரல் இருந்த இடத்தில் அந்த வாரம் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டின் இசை இருந்தது. இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். கீழே ஏழு ரகசியங்களுக்கு இணைப்பு போட்டிருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு நம்பி ஆஸ்பத்திரியின் பழைய வாசலில் நின்றான். கடை பத்து மணிக்குத்தான். செவ்வாயும் வெள்ளியும் இனி இங்கே நிற்பது என்று முடிவு செய்திருந்தான்; வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை. கையில் புதுத் தாள்கள்.

முதலில் வந்த ஆட்டோவிலிருந்து ஓர் இளைஞனும் அவன் அம்மாவும் இறங்கினார்கள். அம்மா வாயைச் சேலையால் மூடியிருந்தாள். நம்பி கிட்டே போனான். கட்டிப் பிரிவுக்கா, இன்றைக்குச் சீட்டு கிடையாது, வியாழக்கிழமைதான், அதுவும் கிழக்கு வாசல் என்றான். அவசரத்தில் மூச்சு வாங்கியது.

இளைஞன் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். “நீங்க யாரு?”

நம்பி சொன்னான்.

இளைஞன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து, பெயரைப் பார்த்தான். மறுபடி நம்பியைப் பார்த்தான். “வீடியோல பாத்தேன் அவர. பொன்னாடையெல்லாம் போட்டு, பெரிய ஆளு. அவரு இந்நேரத்துக்கு இங்க வந்து நிப்பாராக்கும்?”

“தம்பி, சத்தியமா நான்தான். அதுல இருக்கிறது பழசு.”

“இன்னைக்குன்னு போட்டிருக்குண்ணே.” அவன் விரலைக் கீழே கொண்டுபோய், ஒரு வரியில் நிறுத்தி, அம்மாவுக்கும் கேட்கும்படி சத்தமாக வாசித்தான். “வாசலில் தானாக வந்து வழி சொல்கிறவர்கள் தரகர்கள். அவர்கள் என்ன பெயர் சொன்னாலும் நம்ப வேண்டாம். நேராக வரிசைக்குப் போகவும்.” தாளை மடித்தான். “வாம்மா.”

அந்த வரியை இயந்திரம் எழுதவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே வாசலில் ஒரு தரகனிடம் ஏமாந்த பிறகு, நம்பியே எழுதியது. இயந்திரம் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றியிருக்கவில்லை. அந்தத் தாளில் இன்றைக்கும் சரியாக இருந்த வரிகளில் அது ஒன்று.

அவர்கள் மூடியிருந்த கவுண்டரின் முன்னால் போய் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு குடும்பங்கள், கையில் அதே தாளோடு, வந்து சேர்ந்தன. வரிசை ஒழுங்காக உருவாயிற்று. நம்பி புதுத் தாள்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றான். எட்டு மணிக்குக் கதவு திறந்து, ஊழியர் வந்து, இன்றைக்கு இல்லை என்று அவர்களிடம் சொல்வார். அதுவரை நிற்க வேண்டும். அவர் சொன்னால் நம்புவார்கள்.